வாடை விசாரிக்கும் கவுன்சிலர்

என் அக்காவுக்கு வாசனை தெரியாது. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருப்பாள். ஆனால் அந்த மூக்கு சும்மா முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் போனபோது போகிற போக்கில் இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படிப்பட்டவள்தான் எங்கள் வார்டு கவுன்சிலர். அதுவும் எந்த வார்டுக்கு? ஊரிலேயே அதிகமாக நாறுகிற வார்டுக்கு.

எங்கள் தெருக்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால் போகிறது. மேட்டுப் பக்கம் பட்டறைகளும் குடோன்களும். அங்கிருந்து சரிகிற தெருக்களில் நாங்கள். எல்லாவற்றுக்கும் கீழே பள்ளத்துத் தெரு. விடிகிற நேரத்தில் தண்ணீருக்கு மேலே பனி மெல்லிசாக நிற்கும், அக்கரை வீடுகள் பாதி அழித்த படம் மாதிரி தெரியும். மத்தியானத்தில் தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்றே புரியாது. சில நாட்களில் வெள்ளை வெளேரென்று நுரை வரும். காற்றடித்தால் பிய்ந்து பிய்ந்து சந்துக்குள் மிதந்து வந்து, கொடியில் காயும் துணிமேல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் மறைந்துபோகும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்ன அழகு என்பார்கள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவோம்.

அக்கா மட்டும் பொத்த மாட்டாள். எதற்குப் பொத்துவாள்? ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு சாக்கடை வீடுகளுக்குள் வந்தது. அதிகாரிகள் எல்லாரும் கர்சீப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு தூரத்தில் நின்று கை காட்டினார்கள். அப்போது துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அடைப்பு எடுக்கிறவர்களோடு சாயங்காலம் வரைக்கும் நின்றாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. இதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர் சைக்கிள் கடை அண்ணன். வாய்க்கால் வளைகிற இடத்தில், எல்லாவற்றிலும் தாழ்வான இடத்தில், கடையும் வீடும் ஒன்றாக வைத்திருக்கிறவர்.

"நம்ம நாத்தத்த நாத்தம்னு நெனைக்காத ஒரே மனுஷி இதுதான்யா" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேர்தல் வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா உண்மையைச் சொல்லாமல் இல்லை. "அண்ணே, எனக்கு வாசனையே தெரியாதுண்ணே" என்று சொன்னாள்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! நாத்தமே தெரியலயாம். இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?"

இன்னும் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அவளும்தான் என்ன செய்வாள்? விட்டுவிட்டாள். ஜெயித்தும்விட்டாள்.

கவுன்சிலர் ஆபீஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. எங்கள் முன்னறைதான். அது என் தையல் அறை. ஜன்னலோரம் என் மெஷின், சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் வெட்டிப் போட்ட துணி. பொழுது விடிந்தால் போதும், குழாயில் தண்ணீர் வரவில்லை, குப்பை வண்டி வரவில்லை, பக்கத்து வீட்டு மரத்தின் இலை எங்கள் மாடியில் விழுகிறது என்று படையெடுத்துவிடுவார்கள். ஒரு அம்மாள் நான் அளவெடுத்து வைத்த ஜாக்கெட் துணிமேலேயே உட்கார்ந்து அழுவாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "இது என்ன வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று கத்துவேன். அக்கா என்னைப் பார்த்துப் புன்னகைப்பாள். அத்தான் நைசாக வெளியே நழுவிவிடுவார்.

வாய்க்கால் நாற்றத்தைப் பற்றிப் புகார் வந்தால் மட்டும் அக்கா வேறு மாதிரி ஆகிவிடுவாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "என்ன மாதிரி வாடை? சொல்லுங்க" என்பாள்.

"நாத்தம்தாங்க. நாத்தத்துல என்ன மாதிரி வேற?"

"இல்ல, இல்ல. எது மாதிரி? காத்தால வர்றதும் சாயங்காலம் வர்றதும் ஒண்ணா? தொண்டையில நிக்குமா, கண்ணுல எரியுமா?"

முதலில் எல்லாரும் விழித்தார்கள். பிறகு யோசித்தார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள் பாருங்கள், அப்பப்பா! ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துபோன வாடை, தீப்பெட்டியை நனைத்த வாடை, பழைய காசை உள்ளங்கையில் வைத்துக் கசக்கின வாடை. கவிச்சி என்றால் வேறு, வீச்சம் என்றால் வேறு, நெடி என்றால் வேறு என்று வார்டே சண்டை போட்டது. கடைக்குப் போகிற வழியில் நின்று இரண்டு பெண்கள் மூக்கை உயர்த்தி, "இன்னிக்கு மக்கின வாடையா, புளிச்ச வாடையா?" என்று விவாதம் செய்வார்கள். அக்கா கதை கேட்கிற குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அவளுக்குக் கனவில் மட்டும் வாசனை வரும். காலையில் பல் தேய்க்கும் முன்பே வந்து என்னை எழுப்புவாள். "ஏய், இன்னிக்குக் கனவுல புதுத் துணி வாசனை வந்துச்சுடி. பீஸப் பிரிச்சதும் வரும்ல, அது." சொல்லிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் என் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலில் பனி நகரும். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு அவள்மேல் எரிச்சலே வராது.

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அக்காவுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. பள்ளத்தில் இருக்கிறவர்கள் சொன்ன வாடைகளில் ஒன்று மட்டும் புகாராக வரவில்லை, பெருமையாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பாக ஒரு வாசனை வருமாம். பழுத்துக் கனிந்த பழம் மாதிரி. அது வந்தால் சாக்கடை நாற்றமே தெரியாதாம். மேட்டில் இருக்கிற பழ குடோனிலிருந்து வருகிறது என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். அந்தத் தெருவில் மத்தியானம் படுத்தால் சொர்க்கமாம். அப்படி ஒரு தூக்கம் வருமாம்.

உண்மைதான். நானே போய்ப் பார்த்திருக்கிறேன். வெயில் மஞ்சளாக இறங்குகிற அந்த நேரத்தில் பள்ளத்துத் தெருவே கண்ணயர்ந்து கிடக்கும். கடைக்காரர் கல்லாமேல் தலை சாய்த்திருப்பார். வாசற்படியில் ஒருத்தி கையில் சீப்போடு, பாதி வாரின தலையோடு தூங்குவாள். நாய்கூடக் குரைக்காது. ரேடியோ மட்டும் யாருக்கோ பாடிக்கொண்டிருக்கும். அந்த இனிப்பு வாசனை உள்ளே போகப் போக, நமக்கும் எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று தோன்றும். ராத்திரி தூக்கம் வராத மேட்டுத் தெருக்காரர்கள் தலையணையோடு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டுப் போவதும் உண்டு.

சைக்கிள் கடை அண்ணனுக்குத்தான் இதில் ஏகப் பெருமை. அவர் மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இருந்தாள். முதல் பேத்தி. வாய்க்கால் பக்கத்து ஜன்னலோரம் தொட்டில்.

"சமத்துன்னா சமத்து, தங்கச்சி. மத்தியானம் தூங்குனா அசையாது. பால் குடுக்கக்கூட எழுப்ப வேண்டியிருக்கு. அப்பவும் எழுந்திரிக்காது" என்றார்.

அக்கா தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள். குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். குழந்தை லேசாக முகத்தைச் சுருக்கிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது. அக்கா நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, இந்தத் தொட்டிலக் கொண்டுபோய் எங்க வீட்டுல போடுங்க. இன்னிக்கே."

"ஏன் தங்கச்சி?"

"தெரியலண்ணே. இங்க வந்தா எனக்குத் தலை வலிக்குது. வாசன நல்லா இருக்குன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. எனக்கு அந்த நல்லது தெரியல, வலி மட்டும் தெரியுது."

அவர் சிரித்து மழுப்பினார். வெயிலில் அலைந்தால் தலை வலிக்காதா என்றார். அக்கா விடவில்லை. கடைசியில் அவர் மகளும் குழந்தையும் மத்தியான நேரம் மட்டும் என் தையல் அறையில் இருப்பது என்று ஏற்பாடு. பாதி நாள் வருவார்கள், பாதி நாள் "இங்கேயே நல்லாத் தூங்குது" என்று வர மாட்டார்கள்.

அப்புறம் அக்கா அலைந்த அலைச்சல் இருக்கிறதே! வாய்க்கால் கரையோரமாக ஒவ்வொரு வீடாக மேலே ஏறினாள். "பழ வாசனை இங்க வருமா? எப்படி வரும்? அடியில வேற ஏதாவது தெரியுதா?" பழ குடோன் பக்கத்தில் இருக்கிறவர்கள், "பழ வாசனையா? இங்க சாக்கு வாடைதான்" என்றார்கள். அதற்கும் மேலே ஒரு பெயிண்ட் கலக்கும் பட்டறை. அதன் பின்சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு கல்லூரிப் பெண், "அது பழம் இல்லக்கா. நகப்பூச்சு. நகப்பூச்சு பாட்டிலத் தொறந்து பீப்பாய்ல ஊத்துன மாதிரி" என்றாள். பட்டறையில் மத்தியானம் பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றி டின்களைக் கழுவுகிறார்கள், கழுவின தின்னரைக் குழாய் வழியாக வாய்க்காலில் விடுகிறார்கள். ஆவி கனமானது. தண்ணீரோடு தவழ்ந்து இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. தூங்கிப்போகாமல் என்ன செய்வார்கள்?

நகராட்சிக் கூட்டத்தில் அக்கா எழுந்து சொன்னாள். மேலே மின்விசிறி கிறக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஒருத்தர், "நாத்தம்னு புகார் வந்தா சரி, நல்ல வாசனைன்னு புகார் வர்றது இதுதாம்மா மொதல் தடவ" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அக்கா உட்காரவே இல்லை. சுற்றுச்சூழல் ஆபீசரை அனுப்புகிறோம் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

பள்ளத்து ஜனங்களுக்கே இது பிடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. "நாள் பூரா நாத்தம். நல்ல வாசனை வர்றது அந்த ஒரு நேரம்தான். அதையும் நிறுத்தணுமா?" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். சைக்கிள் கடை அண்ணன்தான் ஒவ்வொருவரையும் சமாதானப்படுத்தினார். "நம்ம தங்கச்சி மூக்குல ஏதோ தப்பாப் பட்டிருக்கு. அது மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆபீசர் வந்தார். நல்ல மனிதர், கண்ணாடி போட்டவர், கையில் சின்னதாக ஒரு மெஷின். அவர் வருவது பட்டறை முதலாளிக்கு எப்படித் தெரிந்ததோ, அன்றைக்கு டின் கழுவவே இல்லை. வாய்க்கால் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளை மாதிரி சாந்தமாகக் கிடந்தது. மெஷினில் எதுவும் காட்டவில்லை. கரையில் பாதி வார்டு நின்றது. முதலாளி வெள்ளைச் சட்டையில், சிரித்த முகமாக நின்றார்.

"சார், ஜனங்க ஆயிரம் சொல்வாங்க. கவுன்சிலரம்மா பொய் சொல்ல மாட்டாங்க, ஊருக்கே தெரியும். அவங்க மூக்கால அந்த வாசனைய மோந்திருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் குழாய இப்பவே அடைச்சிடுறேன்" என்றார்.

எல்லார் கண்ணும் அக்காமேல். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். சொல்லித் தொலையேன், ஒரே ஒரு வார்த்தை! குழந்தை கண்ணைத் திறக்காமல் கிடக்கிறது, இவளுக்கு என்ன யோசனை?

அக்கா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சைக்கிள் கடை அண்ணனைப் பார்த்தாள்.

"நான் மோந்தது இல்ல சார். எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சல்ல போச்சு. இந்த வாய்க்கால் நாத்தமும் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."

ஈயாடவில்லை ஒருத்தர் முகத்திலும். முதலாளி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். சைக்கிள் கடை அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ன தங்கச்சி இது? நீ எங்களுக்காகப் பொறுத்துக்கிட்டு நிக்கிறேன்னு நெனச்சேன். ஊரெல்லாம் சொன்னேனே. உனக்குத் தெரியவே தெரியாதா?"

"உங்ககிட்ட அப்பவே சொன்னேண்ணே."

"சொன்னே. நான்தான் மடையன்." அவர் திரும்பி நடந்துவிட்டார். அவர் பின்னாலேயே நாலு பேர், பத்து பேர் என்று போனார்கள்.

ஆபீசர் மெஷினைப் பைக்குள் போட ஆரம்பித்தார். அப்போதுதான் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். முழங்கால் வரை சேறு. நேராகப் பட்டறைக் குழாய்க்குக் கீழே போய், குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றை வாரினாள். கருப்பாக, மேலே வானவில் மாதிரி ஏதோ பளபளத்தது. அதை அப்படியே கொண்டுவந்து ஆபீசர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல வருதா சார்?"

ஆபீசர் இரண்டடி பின்னால் போனார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் தலை கிறுகிறுத்தது. கரையில் மிச்சம் இருந்தவர்கள் இருமிக்கொண்டே விலகினார்கள். பழமாவது, தித்திப்பாவது! தொண்டையில் ஊசி இறங்கின மாதிரி நெடி. அக்கா ஒருத்திதான் அசையாமல் நின்றாள், கை நிறையச் சேற்றோடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு.

"வருதா? என்ன மாதிரி? யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் அழுதுகொண்டே, "வருதுக்கா. வருது, கீழ போடு" என்றேன்.

ஆபீசர் சேற்றைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோனார். சோதனை முடிவு வந்தது, பட்டறைக் குழாயை அடைத்து சீல் வைத்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையோடு நகராட்சிக்கும் கோர்ட்டுக்கும் நடக்க ஆரம்பித்தார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தர்? கிடையாது. குப்பை வண்டி? பேச்சே இல்லை. தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். சைக்கிள் கடை அண்ணன் எங்கள் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மகளும் குழந்தையும் என் அறைக்கு வருவது நின்றுபோனது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் காலியாகக் கிடந்தன. நான் ஆசைப்பட்ட நிம்மதி, மெஷின் சத்தம் மட்டும் கேட்கிற முன்னறை, இப்போது கிடைத்தது. எனக்கு அதைச் சகிக்க முடியவில்லை. தைத்த தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

அக்கா மத்தியானங்களில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். காற்றில் திரைச்சீலை உப்பி எழுந்து, மெதுவாக அடங்கும். ஒரு நாள் என்னிடம் கேட்டாள்:

"அந்த வாசனை போயிடுச்சாடி?"

"போயிடுச்சு. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"குழந்தை?"

"எனக்கென்ன தெரியும்? அந்த வீட்டு வாசல்ல நான் எப்படிப் போய் நிக்கிறது?"

குழாயை அடைத்துவிட்டார்கள் என்பது கவர்மெண்ட் சொன்னது. நாற்றம் போய்விட்டது என்பது நான் சொன்னது. குழந்தை விழித்ததா என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அதை அவள் எந்த ஆபீசில் போய்க் கேட்பாள்? கனவு வந்ததா என்று கேட்டேன். இப்போதெல்லாம் கனவே வருவதில்லை என்றாள்.

ஒரு மத்தியானம், வெயில் தாழ்கிற நேரம். தூரத்திலிருந்து ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தமில்லை, தெருவையே கூட்டுகிற சத்தம். கிட்டே வர வர இன்னும் பெரிதானது. நான் மெஷினை நிறுத்தினேன். வாசலில் சைக்கிள் கடை அண்ணன் வந்து நின்றார், கையெல்லாம் கிரீஸ், தோளில் பேத்தி. குழந்தை முகம் சிவந்து, முஷ்டியை முறுக்கி, வீடு இடிந்துவிழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

"கவுன்சிலரம்மா" என்றார் அவர், ரொம்ப முறைப்பாக. "ஒரு புகார்."

"சொல்லுங்கண்ணே."

"இது மத்தியானம் பூரா கத்துது. ஒரு பொட்டுத் தூங்க மாட்டேங்குது, எங்களையும் தூங்க விட மாட்டேங்குது. பால் பால்னு ஆளப் பிச்சு எடுக்குது. எங்க தெருவுல ஒருத்தருக்கும் மத்தியானத் தூக்கம் கிடையாது. எல்லாம் உங்களாலதான்." சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. "நீங்களே வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

குழந்தையைத் தூக்கி அக்கா கையில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தை புது ஆளைப் பார்த்து இன்னும் பலமாக வீறிட்டது. அக்கா அதை நெஞ்சோடு அணைத்து, அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, "அழுடி கண்ணு. நல்லா அழு" என்றாள்.